வழிமொழிய ஒருவர்

தண்டபாணி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை. கூடத்துத் திரையில் குடியிருப்புச் சங்கத்தின் மாதக் கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது. பவளமல்லி குடியிருப்பில் அந்தக் கூட்டத்தை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. முன்பெல்லாம் வீடுகளில் ரேடியோ பாடியதைப் போல அது பாட்டுக்கு அது ஓடும், வீட்டு வேலை பாட்டுக்கு வீட்டு வேலை நடக்கும். கட்டங்கட்டமாக வீட்டு எண்கள். யாருடைய குரல் பேசுகிறதோ அந்தக் கட்டத்தில் வெளிச்சம் வரும். 3-பி என்ற கட்டத்தில் வெளிச்சம் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு தண்டபாணியின் குரல் பேசியது.

"நண்பர் சொல்றது ரொம்பச் சரிங்க. நான் வழிமொழியறேனுங்க."

வெங்காயத்தோடு உட்கார்ந்திருந்த தண்டபாணி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "கேட்டியா அம்மிணி? என்ன ஒரு பொறுப்பு. நானே நேர்ல போனாக்கூட இப்படிப் பேச மாட்டேன்."

"நேர்ல நீங்க எப்பப் போனீங்க?" என்றாள் கலாமணி அடுப்படியிலிருந்து. "என்னத்த வழிமொழிஞ்சீங்கன்னாவது தெரியுமா?"

தெரியவில்லை. அதற்கும் சேர்த்து இருவரும் சிரித்தார்கள். வானம் மூடிக்கொண்டு வந்தது. பால்கனியில் துண்டு காய்கிறது, எடுத்து வந்துவிடுங்கள் என்று கலாமணி சொன்னாள். மடியில் கிடந்த வெங்காயத் தோலைத் தட்டிவிட்டு, கண்ணைப் புறங்கையால் துடைத்தபடி அவர் எழுந்து போனார்.

சத்தம் அப்படியொன்றும் பெரிதாக இல்லை. மேல்வீட்டில் கிரைண்டர் கல்லைக் கை தவறிப் போட்டுவிட்டார்கள் என்றுதான் கலாமணி நினைத்தாள். எடுத்தாயிற்றா என்று அங்கிருந்தே கேட்டாள். குழம்பைத் தணலில் வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தபோது பால்கனிக் கதவு திறந்திருந்தது. கதவுக்கு அப்பால் எப்போதும் தெரிகிற கம்பித் தடுப்பும் கொடிக்கயிறும் இல்லை. வெறும் வெளிச்சம் மட்டும் இருந்தது.

துக்கம் கேட்க வந்தவர்கள் ஓய்ந்து, கனடாவிலிருந்து வந்த மகன் இளங்கதிர் திரும்பிப் போக நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது அடுத்த மாதக் கூட்டம் வந்தது. திரை தானாக உயிர்பெற்றது. சட்டப்படி எல்லா வீட்டிலும் அது அப்படித்தான். சங்கச் செயலாளர் ஜெகதீசன் இரங்கல் தீர்மானத்தைப் படித்தார். பவளமல்லியில் கூட்டத்துக்கு உயிரோடு நேரில் வருபவர் அவர் ஒருவர்தான். 3-பி உரிமையாளர் திரு. தண்டபாணி விபத்தில் காலமானது குறித்துச் சங்கம் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறது என்று படித்து நிறுத்தினார்.

3-பி கட்டத்தில் வெளிச்சம் வந்தது. தொண்டைச் செருமல். "நான் வழிமொழியறேனுங்க."

இளங்கதிர் எழுந்துபோய்த் திரையின் மின்னிணைப்பைச் சுவரிலிருந்து பிடுங்கினான். பக்கத்து வரிசையில் 2-டி வீட்டில் வாடகைக்கு இருக்கும் சபூரா, காப்பித் தம்ளர்களைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தவள், அப்படியே நின்றாள். இடுப்பில் குழந்தை அவள் கம்மலை இழுத்துக்கொண்டிருந்தது.

"அக்கா, அது அண்ணன் குரல்தானே?" என்றாள் மெதுவாக.

"அவரோட பதிலாள் கண்ணு. உங்க வீட்டுத் திரையிலயும் வருமே."

"நாங்க வாடகைக்காரங்க. அதப் பத்தி யாரும் சொன்னதில்லீங்கக்கா."

கலாமணி சொன்னாள். சொல்வதற்கு ஏதோ ஒன்று கிடைத்ததே அப்போது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. இந்த வீடுகளை வாங்கியவர்களில் பாதிப்பேர் மஸ்கட்டிலும் பெங்களூரிலும் டெக்சாஸிலும் இருந்தார்கள். மீதிப்பேருக்கு ஞாயிற்றுக்கிழமை தூங்க வேண்டும். கூட்டம் போட்டால் போதிய ஆள் சேராது. ஆள் சேராமல் தீர்மானம் போட முடியாது. தீர்மானம் இல்லாமல் படிக்கட்டு விளக்கைக்கூட மாற்ற முடியாது. மாநிலம் முழுக்க இதே கதைதான். அதனால் அடுக்குமாடிச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒவ்வோர் உரிமையாளருக்கும் ஒரு பதிலாள். அவர் இத்தனை வருடம் கூட்டங்களில் பேசியது, குழுவில் அனுப்பிய செய்திகள், எதற்குச் சரி சொன்னார், எதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார் எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு அது கற்றுக்கொள்ளும். அவர் வராத கூட்டத்தில் அவராகவே உட்காரும், பேசும், ஓட்டுப் போடும்.

"செத்துப்போனாலுமா?"

"வாரிசு பேருக்கு வீடு மாறற வரைக்கும். வாரிசுக அடிச்சுக்கிட்டு வருசக்கணக்கா இழுத்தா, ஒரு ஓட்டுக் காலியா நின்னுருமில்ல? அதனால சட்டம் அப்படி."

சபூரா குழந்தையின் கையைக் கம்மலிலிருந்து விடுவித்தாள். 

வழிமொழிவது தண்டபாணியின் வழக்கம். இந்தக் குடியிருப்புக்கு வந்த புதிதில், கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டு உயிருள்ளவர்களே கூட்டம் நடத்திய காலத்தில், சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை வேண்டும் என்று ஒருவர் எழுந்து முன்மொழிந்தார். வழிமொழிய யாரும் வாய் திறக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்த தண்டபாணிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஓட்டெடுப்பில் எதிர்த்துப் போடு, அது வேறு. ஒரு மனுசனை வழிமொழியக்கூட ஆளில்லாமல் நடுவில் நிற்க வைக்கலாமா என்றார். அன்றிலிருந்து யார் எதை முன்மொழிந்தாலும் அவர் வழிமொழிந்தார். வண்ணம் அடிக்க, நாய் வளர்க்கத் தடை போட, அந்தத் தடையை நீக்க, எல்லாவற்றுக்கும். பம்ப் கம்பெனியில் வேலை பார்த்த காலமெல்லாம் அவர் யாரிடமும் முடியாது என்று சொன்னதாகக் கலாமணி கேள்விப்பட்டதில்லை.

இளங்கதிர் ஊருக்குப் போகும் முன் அவளைப் பத்திரப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப் போனான். அங்கிருந்த இளம் பெண் அதிகாரி பொறுமையாகச் சொன்னாள். பெயர் மாற்றக் கையெழுத்துப் போட்டால் அந்த நிமிடமே சாரோட பதிலாள் அணைந்துவிடும். கலாமணிக்குப் புதுப் பதிலாள் வரும். ஆனால் அது அரை வருடம் கூட்டங்களைக் கேட்டுப் பழகிய பிறகுதான் ஓட்டு. அதுவரை அவள் நேரில் வந்தாலும் பேச உரிமை கிடையாது. கலாமணி பேனாவைக் கையில் வாங்கிவிட்டு, கண்ணாடி கொண்டுவரவில்லை, இன்னொரு நாள் வருகிறேன் என்றாள். கண்ணாடி அவள் பையில் இருந்தது. முப்பது வருடம் நூலகத்தில் வேலை பார்த்தவள் கண்ணாடி இல்லாமல் படியிறங்க மாட்டாள் என்று மகனுக்குத் தெரியும். 

மகனும் போன பிறகு, ஒரு மதியம், அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் பதிவை அவள் போட்டுப் பார்த்தாள். வெங்காயம் உரித்துக்கொண்டே அவர் சிரித்தது எதற்கு என்று தெரிந்துகொள்ளத்தான். ஜெகதீசன் பொருளைப் படித்தார்: மேற்குப் பக்கப் பால்கனிகளில் விரிசல். கம்பி துருப்பிடித்துவிட்டது, மேற்கு வரிசைகளைக் காலி செய்து முட்டுக் கொடுக்க வேண்டும் என்பது பொறியாளரின் அறிக்கை. 4-சி வீட்டின் பதிலாள் பேசியது. மழைக்காலம் போகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முன்மொழிந்தது. பிறகு தொண்டைச் செருமல். நண்பர் சொல்வது ரொம்பச் சரி.

அவள் திரையை அணைக்கவில்லை. பதிவு முடிந்து தானாக அணையும் வரை அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பொறியாளரைத் தொலைபேசியில் பிடித்தாள். விழுந்தது ஒன்று, மீதி வரிசைகளிலும் அதே கம்பி, அதே துரு என்றார் அவர். ஐப்பசி மழை ரெண்டு மூணு நாள் சேர்ந்தாற்போல் பெய்தால் பால்கனியோடு நிற்காது, அந்தப் பக்கத் தூண்களையும் இழுத்துக்கொண்டு போகும், நான் உத்தரவாதம் இல்லை என்றார். கட்டட ஆய்வு அலுவலகத்துக்குப் போனாள். அவர்கள் ஏற்கெனவே வந்து மஞ்சள் நாடா கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். தனியார் குடியிருப்பைக் காலி செய்யச் சொல்ல முதலில் சங்கத் தீர்மானம் வேண்டும், சட்டம் அப்படி என்றார்கள். அலுவலகப் படியில் நின்று அவள் 2-டி வீட்டை நினைத்தாள். சபூரா குழந்தைத் துணிகளைப் பால்கனியில்தான் காயப்போடுவாள்.

ஜெகதீசன் தரைத்தளத்தில் 1-ஏ வீட்டில் தனியாக இருந்தார். கூட்டுறவுச் சங்கமொன்றில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டிலும் சட்டையைப் பேண்டுக்குள் விட்டிருப்பார். அவளை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நான் முன்மொழிய முடியாதுங்க அம்மா. நான் தலைமை. தலைமை தாங்கறவன் முன்மொழியறதோ வழிமொழியறதோ கூடாது. நீங்க உரிமையாளர் இல்ல."

பதிலாள்கள்? அவை தங்கள் ஆட்கள் முன்மொழிந்திருக்கக் கூடியதைத்தான் முன்மொழியும் என்றார். வண்ணம், வண்டி நிறுத்துமிடம், தண்ணீர் லாரி. வீட்டைக் காலி செய்யலாம் என்று இந்தக் குடியிருப்பில் ஒருவரும் ஒருநாளும் சொன்னதில்லை; அதனால் அது அவற்றுக்குத் தெரியாது. இன்னொன்றும் தயங்கித் தயங்கிச் சொன்னார். வழக்கறிஞர் யோசனைப்படி இரங்கல் தீர்மானத்தில் விபத்து என்று மட்டும்தான் போட்டோம். நடந்த விசயங்களில், கூட்டத்தில் பேசப்பட்டது மட்டும்தான் பதிலாள்களுக்குத் தெரியும். பால்கனி விழுந்தது அவற்றில் ஒன்றுக்கும் தெரியாது.

"உரிமையாளர் ஒருத்தர் நேர்ல வரட்டுமுங்க. நடந்ததைச் சொல்லி முன்மொழியட்டும். ஓட்டுக்கு வந்துட்டா நிறையப் பேரு ஒத்துக்குவாங்க, பதிலாள்னாலும் மனுசங்ககிட்டக் கத்துக்கிட்டதுதானே. வழிமொழியறதுக்குத்தான்..." என்று இழுத்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வழிமொழிய ஆள் இருக்கிறது என்று இருவருக்கும் தெரியும். கலாமணி அன்று வீட்டுக்கு வந்து, பேனாவைத் திருப்பிக் கொடுத்ததற்கு இப்போது ஒரு நியாயம் கிடைத்துவிட்டது என்று நினைத்தாள். நியாயம் இல்லாமலும் அதைத்தான் செய்திருப்பாள் என்பதையும் நினைத்தாள்.

உரிமையாளர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். எல்லோரும் துக்கம் விசாரித்தார்கள். எல்லோரும் கடைசியில் ஒன்றையே சொன்னார்கள்: அதுக்குத்தான் பதிலாள் இருக்குதுங்களே. மிஞ்சியது கிருபாகரன். 2-டி அவனுடையது. அப்பா வாங்கிப் போட்ட வீட்டைச் சபூரா குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, முக்குக் கடையில் பேக்கரி நடத்தி அதற்கு மேலேயே குடியிருந்தான்.

"நான் போய் என்னத்தப் பேச?" என்றான், தேங்காய் பன்னை அடுக்கிக்கொண்டே. "பப்ஸ் எத்தன நிமிசம் அடுப்புல இருக்கோணும்னு கேளுங்க, சொல்லறேன். சட்டமெல்லாம் நமக்கு ஆகாதுக்கா. அதுவுமில்லாம என் வீட்டையே நான் காலி பண்ணச் சொல்றதா? நல்லா இருக்குது."

"சபூரா குழந்தை தவழ ஆரம்பிச்சிருச்சு கிருபா. கதவு திறந்திருந்தா பால்கனிக்குத்தான் போகுது."

அவன் பன் அடுக்குவதை நிறுத்தவில்லை. தட்டு நிறைந்த பிறகும் ஒன்றை மேலே வைத்தான். அது உருண்டு கீழே விழுந்தது. குனிந்து எடுத்துக் குப்பையில் போட்டான். எந்தக் கிழமை என்று கேட்டான்.

சங்க அறை தரைத்தளத்தில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் இருந்தது. பெரிய திரை, அதில் கட்டங்கள், முன்னால் ஒரு மேசை. ஜெகதீசன் தலைமை நாற்காலியில் உட்கார்ந்தார். கிருபாகரன் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தான். மணிக்கட்டு மடிப்பில் மைதா ஒட்டியிருந்தது. கலாமணியும் சபூராவும் சுவரோரமாக நின்றார்கள். உட்கார நாற்காலி இருந்தது. உட்காரத் தோன்றவில்லை.

கிருபாகரன் எழுந்து பேசினான். முதலில் திக்கினான். பிறகு திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு மேசையைப் பார்த்துப் பேசினான்; அப்போது வந்துவிட்டது. 3-பி அண்ணன் துண்டு எடுக்கப் போனார். பால்கனி கழன்று விழுந்து செத்துப்போனார். எங்கள் எல்லார் பால்கனியும் அதே நிலைமைதான். மழைக்கு முன்னால் கட்டடத்தைக் காலி செய்ய வேண்டும். இதை நான் முன்மொழிகிறேன் என்று சொல்லி உட்கார்ந்தான்.

அறையில் ஜெனரேட்டரின் உறுமல் மட்டும் கேட்டது. கலாமணி 3-பி கட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் வெளிச்சம் வந்தது. தொண்டைச் செருமல் வந்தது.

"தம்பி சொல்றது ரொம்பச் சரிங்க. வீடு கெடக்குது, மனுசன் இருக்கோணுமில்லீங்களா? நான் வழிமொழியறேனுங்க."

சபூரா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜெகதீசன் ஓட்டெடுப்புக்கு வாய் திறந்தார். அதற்குள் வேறொரு குரல் பேசியது. அது ஒருவருடைய குரலும் அல்ல. சட்டத்தைப் படிப்பதற்கென்று வைத்திருந்த குரல். முன்மொழிந்தவரின் கூற்றுப்படி 3-பி உரிமையாளரின் மரணம் இந்தப் பொருளுடன் தொடர்புடையது. ஆகவே இதில் அவருக்குத் தனிப்பட்ட நலன் உண்டு. தனிப்பட்ட நலன் உள்ளவர் அந்தப் பொருளை வழிமொழியவோ வாக்களிக்கவோ கூடாது. அவரது வழிமொழிதல் நீக்கப்படுகிறது.

3-பி கட்டத்தில் வெளிச்சம் இன்னும் இருந்தது. கொஞ்சம் தயங்குவது போலிருந்தது. அவரும் இப்படித்தான் தயங்குவார்.

"அப்படீங்களா," என்றது தண்டபாணியின் குரல். "சரிங்க. சட்டம்னா சட்டந்தானுங்களே. நான் ஒதுங்கிக்கறேனுங்க."

"ஏனுங்க," என்றாள் கலாமணி.

அவள் சத்தமாகத்தான் கூப்பிட்டாள். ஆனால் உரிமையாளர் அல்லாதவரின் குரலைச் சங்க அறையின் ஒலிவாங்கி எடுப்பதில்லை. கட்டம் இருண்டது.

வழிமொழிய வேறு யாராவது இருக்கிறீர்களா என்று ஜெகதீசன் கேட்டார். திரையில் எந்தக் கட்டமும் ஒளிரவில்லை. மறுபடி கேட்டார். அப்போதுதான் கிருபாகரனுக்குப் புரியாதது அவளுக்குப் புரிந்தது. இத்தனை வருடமும் யார் எதைச் சொன்னாலும் முந்திக்கொண்டு தண்டபாணி வழிமொழிந்துவிட்டார். வேறு யாரும் ஒருமுறைகூட வழிமொழிய வேண்டியிருந்ததில்லை. ஆகவே அந்தப் பதிலாள்களில் ஒன்றுகூட வழிமொழியக் கற்றுக்கொள்ளவில்லை. ஓட்டுக்கு விட்டால் கை தூக்கும். ஓட்டுக்குப் போகும் கதவைத் திறக்க அவற்றுக்குத் தெரியாது.

அரை மணி நேரம் பொருள் நிலுவையில் இருக்கும் என்றது சட்டக் குரல். கிருபாகரன் வெளியே ஓடி உரிமையாளர்களைக் கைப்பேசியில் கூப்பிட்டான். ஒரே ஒரு வார்த்தை அண்ணா, நீங்களே இணைந்து ஒரே ஒரு வார்த்தை என்று அவன் கெஞ்சுவது உள்ளே கேட்டது. மஸ்கட்காரர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். டெக்சாஸ்காரரிடம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. 4-சி உரிமையாளர் மட்டும் எடுத்தார். அதான் பதிலாள் அங்க இருக்குமே தம்பி, அதுகிட்டச் சொல்லுப்பா என்றார்.

"நீங்க வழிமொழிங்க," என்றாள் கலாமணி ஜெகதீசனிடம்.

"நான் தலைமை நாற்காலில இருக்கறேனுங்க அம்மா."

"எந்திரிச்சுருங்க."

அவர் நாற்காலியின் கைகளைப் பிடித்தார். உண்மையாகவே எழுந்துவிடப் போகிறார் என்று அவள் நினைத்தாள்.

"நான் எந்திரிச்சா கூட்டம் இல்லீங்க. தலைமைக்கு ஒருத்தர், முன்மொழிய ஒருத்தர், வழிமொழிய ஒருத்தர். தலைமைக்குப் பதிலாள் ஆகாது, வழிமொழிய அதுகளுக்குத் தெரியல. அப்ப மூணு பேரு உசிரோட வேணும். நாங்க ரெண்டு பேருதான் இருக்கறோம்."

"நாங்க இங்கதானே நிக்கறோம்?" என்றாள் சபூரா. அவள் அந்த அறையில் பேசியது அது ஒன்றுதான். ஜெகதீசன் அவளைப் பார்த்தார், பிறகு மேசைமேல் இருந்த கூட்டக் குறிப்பேட்டைப் புரட்டினார். நேரம் முடிந்ததும் சட்டக் குரல் பேசியது. வழிமொழிவார் இல்லாததால் பொருள் எடுத்துக்கொள்ளப்படவில்லை.

அடுத்த நாளிலிருந்து கலாமணி படியேறி இறங்கினாள். ஓட்டுரிமை இல்லாதவர்கள் வீடாகப் பார்த்துக் கதவைத் தட்டினாள். பெரும்பாலும் வாடகைக்காரர்கள்தான் அங்கே குடியிருந்தார்கள். தன் வீட்டுக் கூடத்துக்குக் கூட்டி வந்து, பால்கனிக் கதவைத் திறந்து காட்டினாள். வேறு எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு குடும்பமாகச் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனது. மின்தூக்கி வாசலில் செருப்புகள் குறைந்துகொண்டே வந்தன.

சபூராவும் அவள் கணவனும் அலைந்தார்கள். தொலைபேசியில் வீடு காலி இருக்கிறது என்பவர்கள், பெயரைக் கேட்டதும் நேற்றுத்தான் முன்பணம் வாங்கினோம் என்றார்கள். சில இடங்களில் அந்த மரியாதையும் இல்லை. கடைசியில் கலாமணி நொய்யல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன் பெயரில் ஒரு வீடு பிடித்தாள். கூட யார் இருப்பார்கள் என்று வீட்டுக்காரம்மா கேட்டாள். மகள், மருமகன், பேத்தி என்றாள் கலாமணி. அந்தம்மாள் சபூராவின் முக்காட்டையும் கலாமணியின் நெற்றித் திருநீற்றையும் மாறி மாறிப் பார்த்தாள்; என்ன நினைத்தாளோ, சாவியைக் கொடுத்தாள்.

போகும் நாளில் ஜெகதீசன் வீட்டுக் கதவைத் தட்டினாள். நீங்களும் வந்துவிடுங்கள், எங்களோடேயே இருக்கலாம் என்றாள். அவர் கைப்பேசியில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். இரண்டு வாரமாக ஒவ்வோர் உரிமையாளராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"செயலாளர் இங்க குடியிருக்கோணும்னு சட்டத்துல இருக்குதுங்க. நான் போயிட்டா சங்கம் இல்ல. சங்கம் இல்லீன்னா அடுத்த கூட்டம் இல்ல." கைப்பேசியைக் காட்டினார். "பெங்களூர்க்காரர் ஒத்துக்கிட்டாருங்க. அடுத்த கூட்டத்துக்கு நேர்ல வர்றாராம். அப்புறம் மூணு பேரு ஆயிருவோம்."

ஊரே காலியான பிறகு தீர்மானம் எதற்கு என்று அவள் கேட்டாள்.

"முறையாக் காலி பண்ணோணுமில்லீங்களா அம்மா?" என்றார் ஜெகதீசன். கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு, அவளைப் பார்க்காமல் சொன்னார். "அன்னிக்கே நான் எந்திரிச்சிருக்கோணும். எந்திரிச்சாலும் ஒண்ணும் ஆகியிருக்காதுங்க. ஆனாலும் எந்திரிச்சிருக்கோணும்."

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒருநாள் விட்டது, பிறகு விடவே இல்லை. மேற்குப் பக்கம் சரிந்த காலையில் கிருபாகரன்தான் கூப்பிட்டான். கலாமணி போய்ச் சேர்ந்தபோது செங்கல் தூசி மழையில் கரைந்து தெருவெல்லாம் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்து வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் உட்கார்ந்திருந்தன. சங்க அறையும் 1-ஏயும் அடியில் இருந்தன. ஜெகதீசனை வெளியே எடுக்க மத்தியானம் ஆயிற்று. சட்டையை உள்ளே விட்டிருந்தார்.

வேடிக்கை பார்த்தவர்களுக்கு நடுவில் ஒருவர் குடையும் தோள்பையுமாக நின்றார். கிருபாகரனிடம் வந்து, கூட்டம் எங்கே நடக்கிறது என்று விசாரித்தார். பெங்களூரிலிருந்து வருகிறாராம். பேருந்து தாமதமாகிவிட்டதாம்.

மீதிக் கட்டடத்தையும் அரசே இடித்துத் தள்ளியது. அதற்கு யாருடைய தீர்மானமும் தேவைப்படவில்லை. ஆனால் சங்கம் கலையவில்லை. கலைக்கவும் ஒரு கூட்டம் வேண்டும். கூட்டத்துக்கு அங்கே குடியிருக்கும் செயலாளர் தலைமை தாங்க வேண்டும். அதனால் கூட்டமும் இல்லை, கலைப்பும் இல்லை. தை பிறந்த பிறகு கலாமணி பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போனாள். அதே இளம் பெண்தான் இருந்தாள். இவளை நினைவு வைத்திருந்தாள்.

சாருடைய பதிலாள் இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள் கலாமணி.

"இருக்குதுங்கம்மா. எல்லாரோடதும் இருக்குது. கூட்டம் கூட்டற வரைக்கும் காத்திருக்கும்."

"ஒரு தடவை பேசிப் பார்க்க முடியுமா?"

முடியாது, கூட்டத்தில் மட்டும்தான் பேசும் என்றாள் அந்தப் பெண். சொல்லிவிட்டு, மன்னிச்சிருங்க என்றும் சேர்த்துக்கொண்டாள்.

கலாமணி அதை நினைத்துப் பார்த்தாள். யாரும் கூட்டப் போகாத கூட்டம். அதில் ஒளி வராத ஒரு கட்டம். உள்ளே அவர், யாராவது எழுந்து ஏதாவது சொன்னால் சரியென்று சொல்வதற்காக உட்கார்ந்திருக்கிறார். தூங்குகிறாரா, கேட்டுக்கொண்டிருக்கிறாரா என்று அந்தப் பெண்ணிடம் கேட்கத் தோன்றியது. பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று கேட்டாள்.

அந்தப் பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். வீடு இப்போது இல்லை, பதிவேட்டில் அந்த வரி எடுக்கப்பட்டுவிட்டது என்றாள். நிலத்தில் சாருக்கு உள்ள பங்கு மட்டும்தான் பெயர் மாறுகிறது.

"அது எந்த இடம்?"

"தனியாக் காட்ட முடியாதுங்கம்மா. மனை முழுக்க எல்லாருக்கும் சேர்ந்தது. எந்த மூலைல மண்ணை அள்ளினாலும் அதுல அவரோட பங்கு இருக்கும்."

கலாமணி தலையசைத்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். திரையில் தண்டபாணி என்று இருந்த இடத்தில் ஒரு கணம் ஒன்றுமே இல்லை. அப்புறம் கலாமணி என்று வந்தது. அவள் அதற்குக் கீழே பார்த்தாள். அடுத்த வரி, அவர்கள் வீடு வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது: பிரிக்கப்படாத நிலம், நானூற்றுப் பன்னிரண்டு சதுர அடி.